இழுக்காத கடலுக்கு எந்த மாதம்

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறுகிறவர்கள் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். சரியான குளிர், நாளைக்கு இன்னும் குளிராம், போன வருஷம் இவ்வளவு இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி இருக்கும் நாகமணி அன்ரி மட்டும் வேறு ஊரின் வெப்பநிலையைச் சொல்வார். "நீஸிலை இண்டைக்குப் பதினாலு." "மோல்டாவிலை பதினாறு, வெயிலும் எறிக்குது." யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது இதை முதலில் கவனித்தேன். பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல் லிஃப்டில் சும்மா ஏறி இறங்கிய காலத்திலும் அது மாறவில்லை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு, உள்ளே ஆறு பேர் பனிச்சப்பாத்தோடு நெருக்கிக்கொண்டு நிற்கிறோம். அன்ரி தன் போனைப் பார்த்து, "அந்தால்யாவிலை ஆக்கள் வெளியிலை கதிரை போட்டுக் கோப்பி குடிக்கினம்" என்று அறிவித்துவிட்டு இறங்கிப் போவார். எட்டாம் மாடியில் ஒரு சீன முதியவர் இருந்தார். தமிழ் தெரியாது. அவர் ஒருவர்தான் மரியாதையாகத் தலையாட்டுவார்.

அந்த ஊர்களெல்லாம் நிற்கும் மத்தியதரைக் கடலை அன்ரி கண்ணால் கண்டதில்லை.

ஏன் அந்தக் கடல் என்று ஒருநாள் கேட்டேன். அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, புவியியல். எங்கள் வீட்டில் அந்தப் படிகளில் ஏறிய முதல் ஆள் நான்தான் என்பதால் அங்கே சொன்னதையெல்லாம் நம்பினேன். ஒவ்வோர் ஆசைக்கும் அடியில் ஒரு காயம் இருக்கும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். காயத்தைத் தோண்டி எடுத்து இருபது பக்கம் எழுதினால் நல்ல புள்ளி. குறிப்புப் புத்தகத்தோடு போனேன்.

"வடிவாயிருக்கு" என்றார் அன்ரி.

"அது சரி அன்ரி. ஆனா உங்களுக்கு ஏன் அது..."

"நீலம். நல்ல நீலம். வேறென்ன வேணும்?"

"இல்லை, சின்ன வயசிலை ஏதும் நடந்ததோ? கடலோடை?"

"வெள்ளைக்காரர் அங்கை போகேக்கை உப்பிடித்தான் மறிச்சு வைச்சுக் கேப்பியோ பிள்ளை?"

புத்தகத்தை மூடினேன். மூடிய பிறகுதான் அன்ரி பேசத் தொடங்கினார். அவர் மட்டக்களப்பு, கல்லடி. ஸ்காபரோவில் இத்தனை வருஷம் இருந்து பேச்செல்லாம் யாழ்ப்பாணமாகிவிட்டாலும் ஆச்சரியப்படும்போது வரும் 'கா' மட்டும் போகவில்லை.

"எங்கட கடல் இழுக்கும். காலை வைச்சா மண்ணும் போகும், காலும் போகும். முழங்காலுக்கு மேலை நனைஞ்சா வீட்டிலை அடி விழும். உந்தக் கடல் இழுக்காதாம். எனக்குக் கழுத்தளவு தண்ணியிலை சும்மா நிக்கோணும். நீந்தவும் தெரியாது, பழகவும் மாட்டன். சும்மா நிக்கோணும். அவ்வளவுதான்."

இதை வைத்து இருபது பக்கம் எழுத முடியாது. வேறு ஆளைத் தேடிப் போனேன்.

ஆசை இவ்வளவு சிறியது என்றால் போய்விட்டு வந்திருக்கலாமே என்று நினைக்கத் தோன்றும். காசு ஒரு மாதிரிச் சேர்ந்துவிடும், சேராதது லீவு. அன்ரி வேலைசெய்தது வெக்ஸ்போர்ட்டில், ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து அனுப்பும் ஒரு பெரிய லோண்டரியில், மடிக்கும் பகுதியில். அங்கே இருபத்தாறு பேர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் லீவில் நிற்கலாம். ஒவ்வொரு ஜனவரியும் சாப்பாட்டு அறைச் சுவரில் வருஷத்தின் எல்லாக் கிழமைகளையும், வாரத்துக்கொரு கட்டமாகப் போட்டு, ஒரு தாள் ஒட்டுவார்கள். சேவைக்கால வரிசையில் ஒவ்வொருவராக எழும்பிப் போய்த் தொடர்ச்சியாக இரண்டு கிழமைக்குத் தன் பெயரை எழுதவேண்டும். பேனாவால். எழுதினால் எழுதினதுதான். முதலில் யூலையும் ஓகஸ்டும் போகும், பிறகு டிசம்பரில் நத்தார், பிறகு பிள்ளைகளின் மார்ச் விடுமுறை. அன்ரியின் முறை வரும்போது பெப்ரவரியும் நவம்பரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். இருபத்தொரு வருஷம் அந்த இரண்டில் ஒன்றை எடுத்து, வீட்டில் இருந்து அலுமாரி துப்பரவாக்கினார்.

மேலே இருந்தவர்கள் ஒரே வருஷத்துக்குள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றார்கள். கடைசியாக லெஸ்லி என்பவர் போன வருஷத்துக்கு முந்திய டிசம்பரில் கேக் வெட்டி விடைபெற்றார். அன்று பின்னேரம் அன்ரி லிஃப்டில் எந்த ஊரையும் சொல்லவில்லை.

"பிள்ளை, நான்தான் இப்ப முதலாவது" என்றார்.

வருகிற ஜனவரியில் ஐம்பத்திரண்டு கிழமையும் அவர் முன்னால் வெறுமையாக இருக்கும். ஒரு முறைதான் எழுதலாம். ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் சத்தம் போடத் தொடங்கிவிட்டன. பிழையான மாதத்தை எழுதினால் இன்னுமொரு வருஷம் போய்விடும். அப்போது முழங்கால் மணலில் நடக்குமோ தெரியாது.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமா? கென்னடி வீதிப் பிளாசாவில் விமான ரிக்கற் விற்கும் சிவபாதம் அண்ணை அன்ரிக்கு ஒரே சொல்லில் முடித்தார்.

"ஓகஸ்ட்."

"ஏன் அண்ணை ஓகஸ்ட்?"

"எல்லாரும் ஓகஸ்டிலைதான் போறவை."

"அப்ப நிக்க இடமிராதே."

"இடமில்லாட்டி நல்ல இடம் எண்டுதானே அர்த்தம் தங்கச்சி? ஆளில்லாத கடையிலை சாப்பிடுவியளோ?"

ஒன்பதாம் மாடி அபர்ணா கோயம்புத்தூர்க்காரி, மென்பொருள் வேலை. தேனிலவுக்குக் கிரேக்கத் தீவொன்றுக்குப் போய் வந்திருந்ததால் அவருடைய சொல்லுக்குத் தனி மதிப்பு. "ஆன்ட்டி, பிப்ரவரி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு ஹோட்டல் கூடத் திறக்கல. காத்து ஆளைத் தூக்குது. போட்டோ பாருங்க, நானும் அவரும் ஜாக்கெட் போட்டுக்கிட்டு நிக்கறோம். இங்கயே எடுத்திருக்கலாம்."

அன்ரியின் கணவர் குஞ்சித்தம்பி அங்கிளுக்குப் பயணமே பிடிக்காது. "ஒண்டாரியோ ஏரி காணாதோ? அதுவும் தண்ணிதான். பார்க்கிங்கும் இருக்கு."

"அதுக்குள்ளை நீங்கள் எப்பவாவது இறங்கினனீங்களோ?"

"நான் ஏன் இறங்கோணும்? எனக்கென்ன விசரோ?"

எந்த ஊர் என்பதை அன்ரி தானே முடிவு செய்திருந்தார். சிசிலி வேண்டாம். "பலெர்மோவிலை எங்கட சனம் நிறைய. போனா வீடு வீடாத் தேத்தண்ணி குடிக்கவே ரெண்டு கிழமை காணாது. கடல் எங்கை பாக்கிறது?" தமிழர் குறைவாக இருப்பார்கள் என்று அவர் கணித்தது கிரீட் தீவு, ஹானியா என்ற ஊர். மாதம் மட்டும்தான் பாக்கி. அதற்கு என்னிடம் வந்தார்.

"நீதானே உதெல்லாம் படிச்சனீ."

இதற்காகத்தான் காத்திருந்தேன் போல. அப்போது நான் போன் உறை விற்கும் ஒரு சிறு கடையில் வாரம் மூன்று நாள் நின்றுகொண்டிருந்தேன். புவியியலில் பட்டம் வாங்கி எதற்கு என்று அம்மா வாய்விட்டுக் கேட்பதில்லை. சாப்பாடு போடும்போது சற்று நேரம் நின்று பார்ப்பார். என் பட்டம் யாருக்காவது ஒரு தடவை பயன்பட்டால் போதும் என்றிருந்தது. மூன்று இரவு இருந்து ஓர் அட்டவணை செய்தேன். பன்னிரண்டு மாதம், பத்து வருஷச் சராசரி. காற்றின் வெப்பம், மழை நாட்கள், வெயில் மணி, கூட்டம், விமானக் கட்டணம். நல்லதற்குப் பச்சை, கூடாததற்குச் சிவப்பு. யூலையும் ஓகஸ்டும் சிவந்து கிடந்தன. நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மே கடைசியும் யூன் தொடக்கமும் பச்சைப் பசேலென்று நின்றன. வெப்பம் இருபத்தைந்து, மழை இல்லை, கூட்டம் இல்லை, பகல் நீளம், கட்டணம் பாதி.

"மே கடைசி அன்ரி. சந்தேகமே இல்லை."

"இருபத்தைஞ்சோ?"

"இருபத்தைஞ்சு."

"என்னகா, அப்ப நல்ல இளஞ்சூடு!"

ஜனவரி இரண்டாம் திங்கள் அன்ரி எல்லாருக்கும் முன்னால் எழும்பிப் போய், மே கடைசிக் கிழமையிலும் யூன் முதல் கிழமையிலும் தன் பெயரைப் பேனாவால் எழுதினார். சாப்பாட்டு அறையில் கைதட்டினார்களாம். அவருக்கு அடுத்ததாக எழுதியவர் வேரோனிக்கா, பிலிப்பீன்ஸ்காரர். பத்தொன்பது வருஷமாக மடிக்கும் மேசையில் அன்ரிக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர். இருவரும் சேர்ந்தால்தான் கட்டில் விரிப்பின் நான்கு மூலையும் சேரும். அவர் செப்டெம்பர் நடுவில் இரண்டு கிழமை எழுதினார். அவருடைய ஊர் மாதா கோயில் திருவிழா அப்போது வரும். ஒன்பது வருஷமாகப் போகவில்லை.

மார்ச்சில் ஒருநாள், விரிப்பு மடித்தபடி, அன்ரி தன் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வேரோனிக்காவின் தங்கை ஏதென்ஸில் ஒரு வீட்டில் வேலைசெய்கிறவர்.

"மே மாதம் போய் என்ன செய்யப்போகிறாய், நாகா?" என்று வேரோனிக்கா கேட்டாராம்.

"கடலில் நிற்கப்போகிறேன்."

"மேயிலா? என் தங்கை மேயில் ஒரு காலை வைத்தாள். தெரிந்த புனிதர்கள் எல்லாருடைய பெயரையும் சொல்லிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்."

அன்ரி சீருடையைக்கூட மாற்றாமல் எங்கள் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, நீ சொன்ன இருபத்தைஞ்சு ஆருக்கு? எனக்கோ தண்ணிக்கோ?"

அட்டவணையைத் திறந்தேன். ஐந்து நிரல்கள். கடல் நீரின் வெப்பத்துக்கு ஒரு நிரல் இல்லை. தேடிப் பார்த்தேன். மே கடைசியில் பத்தொன்பது. வெயில் காற்றைச் சூடாக்குவதுபோலக் கடலைச் சட்டென்று சூடாக்காது. கோடை முழுக்கக் காய்ந்து செப்டெம்பரில்தான் கடல் இருபத்தைந்துக்கு வரும். அப்போது கூட்டமும் குறைந்துவிடும். இதை முதலாம் ஆண்டிலேயே படித்தேன். பரீட்சையில் எழுதினேன். புள்ளியும் கிடைத்தது.

பிறகு எப்படி விட்டேன் என்று பலநாள் யோசித்தேன். அன்ரி கேட்காமல் விட்டதற்குக் காரணம் தெரிகிறது. மட்டக்களப்புக் கடல் வருஷம் முழுக்க ஒரே சூடு. தண்ணீர் குளிருமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, இழுக்குமா என்றுதான் கேட்பார்கள். என் கதை அதைவிட மோசம். நான் ஒரு பெரிய ஏரியின் கரையில் வளர்ந்தவள். ஒவ்வொரு கோடையும் உறவுக்காரர் எல்லாம் வான் பிடித்து அந்த ஏரிக்குப் போவோம். அடுப்பு மூட்டுவோம், கோழி சுடுவோம், சோளம் சுடுவோம், ஆண்கள் காட்ஸ் விளையாடுவார்கள், பொழுது பட்டதும் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். இருபத்துநான்கு வருஷத்தில் எங்களில் ஒருவர் அந்தத் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததில்லை. எங்களுக்குக் கரை என்றால் வெயில், நிழல், நல்ல மேசை கிடைக்குமா என்பதுதான். அந்த அட்டவணையை நான் கோழி சுடப் போகிறவர்களுக்காகச் செய்திருந்தேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி."

"மன்னிச்சா தண்ணி சுடுமோ?" என்றார். கோபமாக இல்லை. அவருக்கு உடனே அடுத்த வேலை இருந்தது. எழுதினதை மாற்ற முடியாது. ஆனால் இரண்டு பேர் சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் ஒருவருடைய கிழமைகளை மற்றவருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் அன்ரியைக் கொஞ்சம் நல்லவராக எழுத ஆசைதான். அவர் பெரிதாகத் தயங்கவில்லை. மூன்று கிழமை, திங்கள் தவறாமல், மீன் கட்லட் பொரித்து வேரோனிக்காவுக்குக் கொண்டுபோனார். நாலாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தார். என்னையும் வரச் சொன்னார். "உன்ரை கொம்பியூட்டர்ப் பெட்டியையும் கொண்டு வா. பிழை விட்டனீதானே, வந்து கதை."

அவர்கள் இருவரும் பேசியது லோண்டரி ஆங்கிலம். வினைச்சொற்களை அதிகம் நம்பாத மொழி. நான் அதைத் தமிழாக்கித் தருகிறேன்.

வேரோனிக்கா இரண்டு கட்லட் சாப்பிட்டு முடித்து, மூன்றாவதைக் கையில் எடுத்தபடி சொன்னார்: "செப்டெம்பர்தானே வேண்டும்? கேள். கட்லட் கொண்டுவந்த முதல் நாளே எனக்குத் தெரியும்."

அன்ரி சிரிக்கவில்லை. "செப்டெம்பர் வேண்டும், வேரோ."

"மாதா கோபிப்பார்."

"மாதா உனக்காக எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார்?"

"ஒன்பது."

"பத்து என்றால் என்ன? என் முழங்கால் காத்திருக்காது."

குஞ்சித்தம்பி அங்கிள் சோபாவில் இருந்தபடி தமிழில் புறுபுறுத்தார். "பாவம் அந்த மனிசி. கோயிலுக்குப் போறதை இவள் மறிக்கிறாள்."

"நீங்கள் சும்மா இருங்கோ. உங்களையும்தான் கூட்டிக்கொண்டு போறன்."

வேரோனிக்கா என்னைப் பார்த்தார். "நீ படித்த பெண். நீ சொல். எனக்கு மேயில் என்ன இருக்கிறது?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது: இது என் பிழை, அன்ரி மேயில் போய் மணலில் இருந்து பார்த்துவிட்டு வரட்டும், நீங்கள் ஊருக்குப் போங்கள். சொல்லவில்லை. மடிக்கணினியைத் திறந்து புதிய அட்டவணையைக் காட்டினேன். கடல் நீருக்கு இப்போது தனி நிரல் இருந்தது. செப்டெம்பர் மட்டும் எல்லாவற்றிலும் பச்சை. "கடலுக்கு ஒரே ஒரு நல்ல காலம்தான் இருக்கிறது. திருவிழா ஒவ்வொரு வருஷமும் வரும்" என்றேன். எனக்கே நியாயமாகப் பட்டது. திருத்திய அட்டவணைக்கு முன்னால் எதுவுமே நியாயமாகத்தான் படும்.

வேரோனிக்கா மூன்றாவது கட்லட்டைத் தின்று முடித்தார். "சரி, எடு. ஆனால் நாகா, நீ எனக்கு ஒரு செப்டெம்பர் தரவேண்டும். கட்லட் இல்லை. செப்டெம்பர்."

"அடுத்த வருஷம் தருவேன். நான்தானே முதலாவது? எல்லாருக்கும் முதல் எழும்பிப் போய்ச் செப்டெம்பரில் உன் பெயரை எழுதுவேன். அந்தக் கட்டத்தை வேறு யாரும் தொட விடமாட்டேன்."

திங்கட்கிழமை இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

செப்டெம்பர் என்றால் புரட்டாதி. கலியாணம் இல்லை, வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்தியவீடு இல்லை, யாருக்கும் போகவேண்டிய கடப்பாடு இல்லை; என் அட்டவணைக்கு இந்த நிரலும் தெரியாது. ஆனால் புரட்டாதிச் சனி உண்டு. அங்கிள் சனிக்கு விரதம் பிடிக்கிறவர். மீனுக்குப் பேர்போன துறைமுகத்தில் இரண்டு சனிக்கிழமையும் தக்காளியும் பாண் துண்டும் சாப்பிட்டு, பக்கத்து மேசையில் சுட்ட மீனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம்.

அன்ரி கடலில் நின்ற வீடியோவை அங்கிள்தான் எடுத்தார். ஆறு நிமிஷம். பஞ்சாபி உடுப்போடு, தலையில் ஒரு வெள்ளைத் தொப்பியோடு, கழுத்தளவு தண்ணீரில் அன்ரி நிற்கிறார். கையைக்கூட அசைக்கவில்லை. தெளிந்த தண்ணீர், துப்பட்டா மட்டும் மெதுவாக மிதக்கிறது. பின்னால் அங்கிளின் குரல்: "நாகம், காணும். வா. நாகம், இது போன் சார்ஜ் முடியப்போகுது. எவ்வளவு நேரம் எண்டு நிக்கிறது? மாடு மாதிரி." அன்ரி திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆறாம் நிமிஷத்தில் சார்ஜ் முடிந்தது.

"எப்பிடி அன்ரி இருந்தது?" என்று கேட்டேன்.

"தண்ணி சும்மா நிண்டது பிள்ளை. நானும் சும்மா நிண்டன்."

அந்த நவம்பரில் லோண்டரியை மூடப்போவதாகக் கடிதம் வந்தது. துணிகளை எல்லாம் வேறொரு நகரத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். நத்தாரோடு கதவு பூட்டினார்கள். ஜனவரி வந்தது, தாள் ஒட்டச் சுவர் இல்லை. முதலாவது ஆள், இரண்டாவது ஆள் என்று இருபது வருஷமாகக் கட்டிய வரிசை ஒரு கடிதத்தோடு போய்விட்டது.

அன்ரியும் வேரோனிக்காவும் சேர்ந்து வேலை தேடினார்கள். மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு பிஸ்கட் பக்டரியில் இருவரையும் ஒரே நாளில் எடுத்தார்கள். அங்கேயும் லீவுத் தாள் உண்டு, வரிசையும் உண்டு. ஒரே நாள் சேர்ந்தவர்களுக்குள் விண்ணப்பம் கொடுத்த நேரம் பார்ப்பார்களாம். அன்ரி நாற்பத்தோராவது, வேரோனிக்கா நாற்பத்திரண்டாவது. புதியவர்களுக்கு ஒரு கிழமைதான்.

தாள் ஒட்டிய அன்று அன்ரி மேற்பார்வையாளரிடம் போய், தன்னை நாற்பத்திரண்டு ஆக்கிவிட்டு வேரோனிக்காவை முன்னால் போடும்படி கேட்டார். கிளிபோட் என்ற இளைஞன். சிஸ்டம் விடாது என்றான். அன்ரி சிஸ்டத்தோடு பேச வேண்டும் என்றார். அதுவும் முடியாது என்றான். அவர்கள் முறை வந்தபோது இரண்டு கட்டங்கள் மிஞ்சியிருந்தன: நவம்பரில் ஒன்று, பெப்ரவரியில் ஒன்று. அன்ரி பெப்ரவரியில் தன் பெயரை எழுதி, இரண்டிலும் குளிர் குறைந்த நவம்பரை வேரோனிக்காவுக்கு விட்டுவைத்தார். அவரால் அன்று கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

"இதை வட்டியாக எடுத்துக்கொள்கிறேன்" என்றாராம் வேரோனிக்கா.

இதை அன்ரி எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்தபடி சொன்னபோது நான் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். அவர்களுக்கு முன்னால் நாற்பது பேர். முக்கால்வாசிப் பேருக்கு முப்பது வயதுகூட இல்லை. செப்டெம்பர் காலியாக அன்ரியின் கைக்கு வரும்போது அவருக்கு எண்பது தாண்டியிருக்கும், வேரோனிக்காவுக்கு எழுபத்தேழு. திருவிழா ஒவ்வொரு வருஷமும் வரும் என்று நான் சொன்னது பிழையில்லை. இந்த வருஷமும் வரும். வேரோனிக்கா அப்போது மார்க்கத்தில் பிஸ்கட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார்.

"அவ ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை" என்றார் அன்ரி. "நேற்றும் எனக்கு முன்னாலைதான் இருந்து சாப்பிட்டவ. ஒரு சொல்லுக் கேக்கேல்லை. கேட்டா நல்லாயிருக்கும். ஒரு செப்டெம்பர் குடுக்கக் கிடக்கு. அதை நான் எங்கை போய் எடுக்கிறது?"